புதுச் சர்வரில் பழைய சிபியு

சிங்கப்பூர் டை செங் டேட்டா சென்டரில் இருந்த எங்கள் பழைய இன்டெல் பிராட்வெல் சியான் சர்வர்களுக்குப் பதிலாக, புதுத் தலைமுறை கேஸ்கேட் லேக் சர்வர்கள் வந்தன. ராக்கின் மின்சார ஒதுக்கீடு இடித்ததால் ஒரே மூச்சில் மாற்ற வழியில்லை. பழசும் புதுசும் சில மாதம் ஒரே கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) கிளஸ்டரில் ஓட வேண்டும். விஎம்களை, அதாவது சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகளை, நிறுத்தாமல் இரு பக்கமும் நகர்த்தவும் வேண்டும்.

பழசிலிருந்து புதுசுக்குப் போவது சுலபம், திரும்புவதுதான் கஷ்டம். ஹோஸ்ட்டின் (விஎம் ஓடும் சர்வரின்) சிபியுவை அப்படியே விஎம்முக்குக் காட்டுவது ஹோஸ்ட்-பாஸ்த்ரூ. அந்த அமைப்பில் புதுச் சர்வரில் பூட் ஆகும் விஎம்முக்கு, பழசில் இல்லாத ஏவிஎக்ஸ்-512 என்ற கணக்கீட்டுக் கட்டளைத் தொகுப்பு தெரிந்துவிடும். நிரல்கள் பெரும்பாலும் தொடங்கும்போது ஒரு தடவைதான் சிபியுஐடியை (சிப்பின் வசதிகளைச் சொல்லும் கட்டளை) பார்க்கும். அப்புறம் அந்தக் கட்டளையே இல்லாத சிப்புக்கு நகர்த்தினால் கிராஷ்தான்.

எல்லா ஹோஸ்டின் விவரத்தையும் திரட்டி, விஎம்களை நிர்வகிக்கும் வெர்ஷ் கருவியின் ‘ஹைப்பர்வைசர்-சிபியு-பேஸ்லைன்’ கட்டளைக்குக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான சிபியு மாடலை எடுத்தோம். பிராட்வெல்-நோடிஎஸ்எக்ஸ்-ஐபிஆர்எஸ் என்று முடிவானது. டிஎஸ்எக்ஸை (பல த்ரெட்கள் பூட்டில்லாமல் நினைவகத்தைப் பகிர உதவும் வசதி) இழந்ததில் எனக்கு வருத்தமில்லை. 2014-ல் ஹாஸ்வெல்லில் பிழை கண்டு இன்டெல்லே மைக்ரோகோடால் அணைத்த வசதி அது. 2019-ல் பாதுகாப்பு ஓட்டை வேறு. ஐபிஆர்எஸ் மட்டும் கட்டாயம் வேண்டும், ஸ்பெக்டர் என்ற சிபியு பாதுகாப்பு ஓட்டையைத் தடுக்க.

“எதுக்கும் இருக்கட்டும், கியூஇஎம்யு64 போட்டுடலாமே” என்றார் ஒருவர். விஎம்மை ஓட்டும் கியூஇஎம்யு நிரலின் மிக அடிப்படையான சிபியு மாடல் அது. அதில் எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் கிடையாது. அவற்றையும் சேர்த்த எக்ஸ்86-64-வி2 என்ற குறைந்தபட்சத் தரத்தைக் கேட்கும் ரெட் ஹாட் லினக்ஸ் 9 அதில் தொடங்கவே தொடங்காது. அவ்வளவு கீழே இறங்கத் தேவையில்லை.

இன்னொன்று: இன்டெல் வகை எக்ஸ்86 சிப்பில் இப்படி வசதியைக் குறைத்துக் காட்டுவது பெரும்பாலும் மறைப்புதான், தடை இல்லை. சிபியுஐடியைக் கேட்காமலே ஒரு நிரல் புதுக் கட்டளையை ஓட்டினால், பல சமயம் ஓடிவிடும். பழைய ஹோஸ்டுக்குப் போனபிறகுதான் விழும். ஐபிஎம் பவர் சிப்பில் இதற்கென்றே பிசிஆர் என்ற ரிஜிஸ்டர் உண்டு. பவர்8-ஐ பவர்7 போல நடக்கச் சொன்னால், புதுக் கட்டளைகளை வன்பொருளே மறுத்துவிடும். பொறாமையாக இருந்தது.

விஎம்மின் அமைப்பு எழுதியிருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பை மாற்றுவது நிமிட வேலை. நேரம் தின்றது ரீஸ்டார்ட். “அண்ணே, ரீபூட் பண்ணிட்டேன், இன்னும் ஏவிஎக்ஸ்-512 காட்டுதே?” என்று தம்பி ஒருவர் மெசேஜ் அனுப்புவார். விஎம்முக்குள்ளிருந்து ரீபூட் செய்தால் வெளியே அதே கியூஇஎம்யு புராசஸ்தான் தொடரும். முழுக்க ஷட்டவுன் செய்து திரும்ப ஸ்டார்ட் செய்தால்தான் புது மாடல் ஏறும். சீனப் புத்தாண்டையொட்டி எதையும் மாற்றக் கூடாது என்ற சேஞ்ச் ஃப்ரீஸ் வருவதற்குள் ஒவ்வொரு குழுவிடமும் டவுன்டைம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கணக்கீட்டுக் குழு மட்டும் ஏவிஎக்ஸ்-512-ஐ விடமாட்டோம் என்றது. அவர்கள் விஎம்கள் பாஸ்த்ரூவிலேயே புதுச் சர்வர்களில் நிற்கின்றன. பழைய ஹோஸ்ட்களுக்கு நகர்த்தக் கூடாது என்று விதியும் போட்டுவிட்டோம்.