ஐந்நூறில் நின்றுபோன சந்தா

தையல் பேட்டர்ன்களை, அதாவது துணியை வெட்டுவதற்கான அளவு வரைபடங்களை, பிடிஎஃப் கோப்பாக ஆன்லைனில் விற்பதுதான் என் தொழில். ஆரம்பத்தில் ஒவ்வொன்றாக விற்றேன். ஒன்றாம் தேதி வந்தால் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கும், அந்தப் பதற்றம் தாங்காமல்தான் மாதச் சந்தாவுக்கு மாறினேன். முதல் வருடம் நல்ல ஏறுமுகம். ஒன்றரை வருடத்தில் 450 பேரைத் தாண்டினோம், அதற்குமேல் எண்ணிக்கை எறும்பு மாதிரி ஊர்ந்தது. விளம்பரம் போதவில்லை என்று நினைத்து அதில்தான் இன்னும் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. மாதம் 60 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், இருப்பவர்களில் 12 சதவீதம் பேர் விலகுகிறார்கள். 60-ஐ 0.12-ஆல் வகுத்தால் 500. அதுதான் உச்சவரம்பு. 450 பேர் இருக்கும்போது 54 பேர் போய்விடுவார்கள், 60 பேர் வந்தும் ஆறு பேர்தான் கூடுவார்கள். 12 சதவீதம் என்பது கேட்க சின்னதாக இருக்கிறது, ஆனால் இன்று சேரும் 100 பேரில் ஒரு வருடம் கழித்து மிஞ்சுவது 22 பேருக்கும் குறைவு. விலகலைப் பாதியாக்கினால் அதே 60 பேரை வைத்து 1000 வரை போகலாம். சந்தா தொழில் செய்கிற எல்லோரும் இந்த ஒரு வகுத்தலை முதல் மாதத்திலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள், நான் ஒன்றரை வருடம் தாமதமாகப் போட்டேன்.

சரி, ஏன் போகிறார்கள்? ஒரு நோட்டை எடுத்து, இரண்டு மாதத்தில் விலகிய 105 பேரையும் ஒவ்வொரு வரியாக எழுதினேன். அதில் 31 பேர் விலக வேண்டும் என்று முடிவே எடுக்கவில்லை. கார்டு காலாவதி ஆகியிருந்தது, அல்லது பணம் எடுக்கும் நாளில் கணக்கில் இருப்பு இல்லை. என் சிஸ்டம் ஒரே ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு, அவர்களைச் சத்தமில்லாமல் வெளியே தள்ளியிருக்கிறது.

இதைத்தான் முதலில் சரிசெய்தேன். இருப்பு இல்லாததால் தோற்ற பேமெண்ட்டை இப்போது இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, நாள் இடைவெளி விட்டு முயல்கிறோம். தொலைந்துபோன கார்டு, மூடிய கணக்கு என்று வங்கி சொல்லிவிட்டால் திரும்ப முயல்வதே இல்லை, நேராக மெயில்தான். அந்த இரண்டு வாரமும் அவர்கள் லாகினை மூடுவதில்லை. கார்டு முடியும் தேதி நம் கையில் இருக்கிறதே, அதற்கு முந்தைய மாதமே ஒரு நினைவூட்டல் போகிறது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் மாற்றிய கார்டின் விவரத்தைத் தானாகவே புதுப்பித்துத் தரும் வசதி உண்டு, உங்கள் பேமெண்ட் கேட்வே, அதாவது கார்டிலிருந்து பணம் எடுத்துத் தரும் சேவை, அதைத் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். கார்டு கொடுத்த வங்கியும் அதில் சேர்ந்திருந்தால்தான் வேலை செய்யும், அதனால் மெயிலை நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று, கேட்வே ஒரே பேமெண்ட் தகவலை இரண்டு மூன்று முறைகூட அனுப்பும். அதன் அடையாள எண்ணைச் சேமித்து வைத்து, ஏற்கெனவே வந்ததைத் தள்ளிவிட வேண்டும். அதைச் செய்யாததால் ஒருவருக்கு ஒரே நாளில் மூன்று ரசீது போய், மூன்று முறை பணம் எடுத்துவிட்டோம் என்று பயந்துபோய் எழுதினார்.

மிச்சம் 74 பேருக்கும் கைப்பட எழுதினேன். வேண்டாம் என்று சொல்லிப் போனவரைத் திரும்பக் கூப்பிடும் கடிதம் இல்லை, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். 20 பேருக்கு மேல் பதில் போட்டார்கள். ஒருவர் எழுதியது இன்னும் மனதில் நிற்கிறது: "மூணு மாசத்து பேட்டர்ன் பிரிண்ட்கூட எடுக்காம இருக்கு, புதுசு வந்துட்டே இருக்கு, மெயிலப் பார்த்தாலே ஏதோ கடன் வெச்ச மாதிரி இருக்கு." இதே மாதிரி இன்னும் ஏழெட்டுப் பேர். நான் வாரம் ஒரு பேட்டர்ன் கொடுத்துக்கொண்டிருந்தேன், நிறையக் கொடுத்தால் நிற்பார்கள் என்று நம்பி, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வரைந்தேன். வீட்டு வேலைக்கும் பிழைப்புக்கும் நடுவே ஒரு சட்டை தைத்து முடிக்க ஒருவருக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று யோசிக்கவே இல்லை. அதே சந்தாவுக்கு மாதம் ஒன்று என்று குறைத்தேன், கூடவே வாரம் ஒரு மணி நேரம் வீடியோவில் ஒன்றாக உட்கார்ந்து தைப்பது. அறிவித்த அன்று கை நடுங்கியது. கோபித்துக்கொண்டு போனவர்கள் நான்கு பேர்தான்.

அப்புறம் பேட்டர்ன் கோப்பின் முதல் பக்கம். பேட்டர்னை வீட்டு பிரிண்டரில் ஏ4 தாள்களாக எடுத்து ஒட்ட வேண்டும், முதல் தாளில் 5 செ.மீ. சதுரம் ஒன்று இருக்கும். பிரிண்டர் பக்கத்துக்குப் பொருந்தும்படி தானே சுருக்கிவிட்டால் அந்தச் சதுரம் 4.8 ஆகிவிடும். பார்த்தால் தெரியாது. ஆனால் 90 செ.மீ. மார்பளவு 86.4 ஆகிவிடும், தைத்து முடித்துப் போட்டுப் பார்க்கும்போது பட்டன் பூட்டாது. அப்படி ஒரு சட்டை கெட்டவர் இரண்டாவது தைப்பதில்லை, பழியைத் தன் கையின் மேல் போட்டுக்கொண்டு பேசாமல் விலகிவிடுகிறார். முன்பு சேர்ந்தவுடன் போகும் மெயிலில் என் கதை, பத்து லிங்க், தள்ளுபடி எல்லாம் இருந்தது. இப்போது ஒரே ஒரு வேலைதான்: இந்த ஒரு தாளைப் பிரிண்ட் எடுங்கள், ஸ்கேலை வைத்து அளந்து, எவ்வளவு வருகிறது என்று பதில் போடுங்கள். 4.8 என்று பதில் வந்தால், பிரிண்ட் அளவை 100 சதவீதத்துக்கு மாற்றச் சொல்லி நானே எழுதுகிறேன். முதல் வாரத்தில் அளந்து பதில் போட்டவர்கள் மற்றவர்களைவிட வெகுகாலம் நிற்கிறார்கள், என் நோட்டில் அது தெளிவாகத் தெரிகிறது.

விலகும் பட்டனை ஒளித்து வைக்காதீர்கள். முன்பு மெயில் போட்டால்தான் நிறுத்த முடியும் என்று வைத்திருந்தேன், சிலர் நேராக வங்கிக்குப் போய்ப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள், எனக்குச் சந்தாவும் போய் அபராதக் கட்டணமும் சேர்ந்தது. இப்போது கணக்குப் பக்கத்திலேயே பட்டன் இருக்கிறது, பக்கத்தில் "மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம்" என்று இன்னொரு பட்டன். ஏற்கெனவே இறக்கிய பேட்டர்ன்கள் அவர்களுக்கே சொந்தம், அதில் நான் கை வைப்பதில்லை.

வருடச் சந்தாவில் ஒரு அடி வாங்கினேன். பத்து மாத விலைக்குப் பன்னிரண்டு மாதம் என்று அறிவித்ததும் மொத்தமாகப் பணம் வந்தது, புது மெஷினும் விளம்பரமுமாகச் செலவழித்தேன், ஐந்தாவது மாதம் சிலர் ரீஃபண்ட் கேட்டபோது கையில் இல்லை. இன்னும் கொடுக்காத மாதங்களுக்கான பணம் கணக்கு வழக்கில் கடன்தான், வருமானத்தில் சேராது. இப்போது அது தனிக் கணக்கில் இருக்கிறது, மாதம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் என் கைக்கு வரும்.

இதையெல்லாம் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. விலகல் 6 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறது, 800 பேர் இருக்கிறார்கள், விளம்பரச் செலவைக் கூட்டவில்லை. விலகுபவர்களில் இன்னும் இரண்டாவது மாதத்துக்காரர்கள்தான் அதிகம். அவர்களுக்கு முதலில் சட்டை போய்க்கொண்டிருந்தது, இந்த மாதத்திலிருந்து ஒரே சாயங்காலத்தில் முடிகிற துணிப்பை போகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி நோட்டை எடுக்க வேண்டும்.