உதிரிக்கு ஆன கார்டு

“அதுல இனி ஒண்ணும் இல்லைங்க.”

நான் சொன்னது இவ்வளவுதான். சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தாலும் இதில் பொய் கிடையாது. ‘இனி’ என்ற ஒரு சொல் மொத்த வாக்கியத்தையும் தாங்கிப் பிடித்து நிற்கிறது. அதை யோசித்துப் போட்டேனா, தானாக வாயில் வந்ததா என்பதுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

பழுதுபார்க்க ஒருவர் கொண்டுவந்தவை இரண்டு வூடூ 2 கார்டுகள், பழைய கணினியில் முப்பரிமாண விளையாட்டுகளுக்கானவை. 1998இல் வந்தவை, இரண்டும் 12 எம்பி. ஒவ்வொன்றின் உறையிலும் அவர் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார். ஒன்றில் ‘படம் சிதறுது’ என்று இருந்தது, மற்றதில் ‘செத்தது’ என்று. “ரெண்டுமே போயிடுச்சு சார். ஒண்ணையாவது எழுப்பிக் கொடுங்க” என்றார். தேவைப்பட்டால் இன்னொன்றிலிருந்து பாகம் எடுத்துக்கொள்ளலாமா என்று நான்தான் கேட்டேன். “செத்ததுதானே, எடுத்துக்குங்க” என்றார்.

அனுமதி கிடைத்துவிட்டது என்று அப்போது எடுத்துக்கொண்டேன். ‘தானே’ என்பதில் ஒரு கேள்வி இருந்தது. தெரிந்தவன் என்று நம்பி வந்த ஒருவர், செத்ததுதானே என்று என்னிடம் கேட்கிறார். அதைப் பதிலாகக் கேட்டுக்கொண்டது என் காது.

படம் சிதறிய கார்டில் நான் செய்த வேலையைப் பற்றி எனக்குக் கூச்சமில்லை. நன்றாகவே செய்தேன். டாஸில் துவக்கி, கார்டைச் சோதிக்கும் மோஜோ நிரலை ஓட்டியதும் கார்டு தன்னைச் சரியாகவே அறிமுகம் செய்துகொண்டது. முப்பரிமாணக் காட்சி வந்தால்தான் கோளாறு. சுவரின் செங்கல் ஒழுங்காகத் தெரியும், அதன்மேல் விழ வேண்டிய ஒளியும் நிழலும் மட்டும் புள்ளி புள்ளியாகச் சிதறும். வூடூ 2இல் டெக்ஸ்சர் வேலைக்கு, அதாவது பரப்புகள் மேல் படம் ஒட்டும் வேலைக்கு, இரண்டு தனிச் சிப்கள். செங்கலை ஒன்று போட, நிழலை அடுத்தது போடும். இரண்டையும் ஒரே சுற்றில் போட்டு முடிப்பதுதான் அந்தக் கார்டின் பெருமையே. ஆக, கோளாறு இரண்டாவது டெக்ஸ்சர் சிப்பின் பக்கம் என்று வந்த படமே சொல்லிவிட்டது.

அந்தச் சிப்புக்கு 4 எம்பி நினைவகம், அரை எம்பி வீதம் எட்டு மெமரி சிப்கள். தரவுக் கோடு 64. ஒவ்வொரு மெமரி சிப்பும் 16 கோடுகளைப் பிடிக்கும், அதனால் எந்தக் கோட்டை எடுத்தாலும் அதில் இரண்டு மெமரி சிப்கள் தொங்கும். மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டு போனேன். மற்றதெல்லாம் அரை வோல்ட்டை ஒட்டி நிற்க, ஒரே ஒரு கோடு 0.2ஐத் தாண்டவில்லை. அந்தக் கோட்டில் இருப்பவர்கள் மூவர்: டெக்ஸ்சர் சிப், இரண்டு மெமரிகள். டெக்ஸ்சர் சிப்பாக இருந்தால் கதை முடிந்தது. சட்டென்று குளிரவைக்கும் ஃப்ரீஸ் ஸ்பிரேயை ஒரு மெமரியின் மேல் லேசாக அடித்தேன், மாற்றமில்லை. அடுத்ததன் மேல் அடித்ததும் திரையில் புள்ளிகள் பாதியாகக் குறைந்தன. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்தக் கணத்தின் சுகம் தெரியும்.

கெட்ட சிப்பைப் பொறுமையாகத்தான் எடுத்தேன். பக்கத்துச் சிப்களுக்குச் சூடு தாங்கும் கேப்டன் டேப், நிறைய ஃபிளக்ஸ், போர்டு முழுவதும் முதலில் மெதுவாகச் சூடு. பழைய ஈய சால்டர், 183 டிகிரியில் உருகிவிடும். நாற்பது கால்களும் தானாக மிதக்கும்வரை கையை வைக்கவே இல்லை. கீழே கால்கள் ஒட்டியிருக்கும் பேடு ஒன்றும் அசையவில்லை. கோட்டை மறுபடி அளந்தேன், அரை வோல்ட்.

அடுத்து மாற்றுச் சிப் வேண்டும். அந்தக் காலத்துக் கணினிகளில் பரவலாக இருந்த இடிஓ நினைவகம் 60 நானோநொடி. வூடூ 2 கேட்பது 25, அதைவிட வேகமானது. தேடி வாங்கினாலும் அது எங்கிருந்து பிடுங்கியது, மேலே இருக்கும் எழுத்து உண்மைதானா என்ற சந்தேகம் போகாது. பக்கத்திலேயே இன்னொரு கார்டில் அதே தயாரிப்பு, அதே தொகுதி, அதே வேகத்தில் 24 சிப்கள் கிடக்கின்றன. ‘செத்தது’ என்று உரியவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

ஒரே ஒரு முறை அதை ஸ்லாட்டில் செருகினேன். கணினி காட்டும் கார்டுப் பட்டியலில் வரவில்லை. கழற்றி வைத்துவிட்டேன். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும்.

ஒரு பிசிஐ கார்டு பட்டியலில் வராவிட்டால் என்னென்ன காரணம் இருக்கலாம் என்று பயிற்சிக்கு வந்த பையனுக்கு நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். மதர்போர்டு துவங்கும்போது ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பெயர் கூப்பிடும். அந்த ஸ்லாட்டுக்கென்று ஐடிசெல் என்று ஒரு கோடு, இணைப்பில் ஏ26ஆம் கால். அதில் சிக்னல் வந்தால் ‘உன்னைத்தான் கூப்பிடுகிறேன்’ என்று பொருள். கார்டு தன் எண்ணைச் சொல்லும். இந்தச் சிப்களை வடிவமைத்த 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் என்றால் 121ஏ. யாருமே பேசாவிட்டால் கிடைப்பது எல்லா பிட்டும் ஒன்று, அதாவது நான்கு எஃப். நான்கு எஃப் வந்தால் கார்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது, கூப்பிட்டது அதற்குக் கேட்காமலும் போயிருக்கலாம் என்று அவனிடம் அழுத்திச் சொன்னவன் நான்.

உதிரிக் கார்டிலிருந்து சிப்பைப் பிடுங்கிய விதத்தை நினைத்தால்தான் என் கையே எனக்கு அந்நியமாகப் படுகிறது. சிப் அதிகச் சூடு வாங்கக் கூடாது என்பதிலேயே கவனம். ஆகவே சூட்டைக் குறைத்து, நேரத்தையும் குறைத்து, ஒரு பக்கம் முழுதாக உருகும் முன்பே ட்வீசரால் நெம்பினேன். சிப் பத்திரமாக வந்தது. கூடவே இரண்டு பேடுகளும் ஒரு செம்பு டிராக்கும் உரிந்து வந்தன. அதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. செத்த போர்டுதானே. அரை மணிக்கு முன்பு இன்னொரு போர்டில் ஒரு பேடு கூட அசையாததற்குப் பெருமைப்பட்ட அதே ஆள், அதே மேஜை, அதே ட்வீசர்.

முதல் கார்டு எழுந்துவிட்டது. நிழல்கள் சுவரில் ஒழுங்காக விழுந்தன. ஒரு இரவு முழுக்க ஓடவிட்டுப் பார்த்தேன்.

மறுநாள் மிச்சமான கார்டை டப்பாவில் போடும் முன்பு லென்ஸில் ஒரு பார்வை பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, பழக்கமாக இருக்கலாம். பிரதான சிப்பின் மூலையில் ஒரு கால் பேடை விட்டு விலகி நின்றது. ஒரு மயிரிழை, அவ்வளவே. கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் மூலைக் கால்களுக்கு இது நடக்கும். அந்தக் கால் எங்கே போகிறது என்று மீட்டரை வைத்துத் தேடினேன். ஏ26.

உட்கார்ந்துவிட்டேன். ஊசியால் காலை நிமிர்த்தி ஒரு பொட்டு சால்டர் வைத்து ஸ்லாட்டில் செருகினேன். 121ஏ என்று வந்தது. மோஜோவும் அதைக் கண்டுகொண்டது. முதல் டெக்ஸ்சர் சிப் அதன் 4 எம்பியோடு முழுசாக இருந்தது. இரண்டாவதில்தான் நான் உண்டாக்கிய ஓட்டை. பையன் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அண்ணா, இது நல்லா இருக்கே” என்றான். “பேடு போயிடுச்சுடா” என்றேன். அவன் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

எனக்குச் சாதகமாகச் சொல்லவும் நிறைய உண்டு, எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று. ‘செத்தது’ என்று எழுதியது நான் அல்ல. பாகம் எடுக்கச் சம்மதம் வாங்கியிருந்தேன். உயிரோடு இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்திருந்தாலும், ஒரு மெமரி சிப் எங்கிருந்தாவது வந்தே ஆகவேண்டும். அது வரும்வரை முதல் கார்டு மேஜையில் கிடந்திருக்கும்.

கிடந்தால் என்ன? அவர் அவசரம் என்று சொல்லவே இல்லை. நான்தான் அவசரப்பட்டேன். கோளாறைக் கண்டுபிடித்த சுகத்தில் அன்றே முடித்துவிட வேண்டும் என்று ஒரு வேகம்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் கொண்டுவந்த பையில் கார்டுகளோடு ஒரு குட்டைப் பட்டை வயரும் இருந்தது, பிளாப்பி டிரைவ் கேபிளை நறுக்கியது போல. எஸ்எல்ஐ கேபிள். இரண்டு வூடூ 2 கார்டுகளை இணைப்பது. இணைத்தால் திரையில் ஒரு வரியை ஒரு கார்டும் அடுத்த வரியை மற்றதும் வரையும். தனிக் கார்டால் 800க்கு 600 புள்ளிகள் வரைதான் போக முடியும். அதிலேயே இரண்டு படச் சட்டங்களும், எது முன்னே எது பின்னே என்ற ஆழக் கணக்கும் சேர்ந்து 2.9 எம்பிக்கு வந்துவிடும், பிரதான சிப்பிடம் இருப்பது 4. 1024க்கு 768 என்றால் 4.7 எம்பி கேட்கும். ஒன்றில் கொள்ளாது. இரண்டு கார்டுகள் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டால் கொள்ளும். இந்த இரண்டும் ஒரு காலத்தில் ஒரே பெட்டியில் அப்படி ஓடியவை. அந்த வயரை முதல் நாளே பார்த்தேன், எடுத்து ஓரமாக வைத்தேன். ‘ஒண்ணையாவது’ என்று ஒருவர் சொன்னால் அவர் மனதில் இருப்பது இரண்டு என்பது தமிழ் பேசுகிற எவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலை வந்தார். கார்டை ஓட்டிக் காட்டினேன். முகம் மலர்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அந்த இன்னொண்ணு சார்?” என்றார்.

“அதுல இனி ஒண்ணும் இல்லைங்க.”

“அப்ப நீங்களே வெச்சுக்குங்க. வேற யாருக்காவது உதிரிக்கு ஆகும்.”

பையன் தலையைக் குனிந்து ஏதோ ஸ்க்ரூவைத் தேடிக்கொண்டிருந்தான். நான் கார்டை உறையில் போட்டேன். கேபிள் அவருடைய பொருளாயிற்றே என்று அதையும் சுருட்டி உள்ளே வைத்தேன். அவர் அதை வெளியே எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதுவும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோபப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. “பரவாயில்லை சார், சரி பண்ண முடியுமா பாருங்க” என்றுதான் சொல்லியிருப்பார். முடியும் என்பதும் எனக்குத் தெரியும். உரிந்த பேடுகளுக்கு மெல்லிய எனாமல் வயர் இழுக்கலாம், சிப்பைத் தேடி வாங்கலாம். அது முடியாத காரியமாக இருந்திருந்தால் என் வாக்கியம் ஏறக்குறைய நேர்மையானது என்றுகூடச் சொல்லிக்கொள்வேன். என் தவறை அவருக்கு முன்னால் சொல்லக் கூசினேன். அதை மறைக்க அந்தக் கார்டுக்கு மறுபடியும் ஒரு சாவை எழுதினேன். முதல்முறை அவர் எழுதியது தெரியாமல். நான் எழுதியது தெரிந்து.

சில நாள் வேறு மாதிரியும் தோன்றும். இப்போது கூப்பிட்டுச் சொன்னால் என் பாரம் இறங்கும், அவருக்கு ஏறும். இன்று அவர் வீட்டில் ஒரு கார்டு ஓடுகிறது, மற்றது தானாகப் போனது என்று நிம்மதியாக இருக்கிறார். அதை ஏன் கெடுக்க வேண்டும்? இந்த வாதம் எனக்கு எவ்வளவு வசதியானது என்பதும் தெரிகிறது. ஆனால் வசதியான வாதம் என்பதாலேயே அது பிழையாகிவிடுமா என்றால், அதற்கும் பதில் இல்லை.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உதிரிக்கு வந்த போர்டாக இருந்தாலும் லென்ஸில் பார்த்து, கால் கால் தொட்டு, ஒரு முறையாவது துவக்கிப் பார்த்த பிறகுதான் சிப்பைக் கழற்றும் ஹாட் ஏரை எடுப்பேன். பையனுக்கும் அதுதான் கட்டளை. 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்கப்போவதாக அறிவித்தது 2000 டிசம்பரில். இந்தச் சிப்களைப் புதிதாக யாரும் செய்யப்போவதில்லை, இருப்பதைத் தின்றுதான் இருப்பது பிழைக்கிறது என்று அவனிடம் சொல்கிறேன். சொல்லும்போது நம்பித்தான் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு பழைய போர்டிலிருந்து கிரிஸ்டல் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. துவக்கிப் பார்க்காமலேயே எடுத்தேன். பையன் அன்றும் பக்கத்தில்தான் இருந்தான்.

அந்தக் கார்டு என் இழுவறையில் இருக்கிறது. அவர் ஒட்டிய காகிதம் இன்னும் உறையில் இருக்கிறது. ஒரு மாலையில் உட்கார்ந்து வயர் இழுத்துவிட்டேன், கோடுகளை அளந்தும் பார்த்துவிட்டேன், எல்லாம் அரை வோல்ட். சிப்பும் தேடி வாங்கியாயிற்று, 25 நானோநொடி. நாற்பது கால், பதினைந்து நிமிட வேலை. வைத்துவிட்டால் அவரைக் கூப்பிட வேண்டும். அவர் எண் ஜாப் ஷீட்டில் இருக்கிறது. சிப்பின் உறையை நான் இன்னும் பிரிக்கவில்லை.