டியூப் போட்டு அனுப்பினார்கள், அதைப் பிடித்து வைக்கச் சொல்லித் தரவில்லை

சிறுநீர்க் குழாயோடு ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, அந்தக் குழாயை உடம்பில் எந்த இடத்தில், எதைக் கொண்டு, எவ்வளவு தளர்வாகப் பிடித்து வைக்க வேண்டும் என்று சொல்லித் தருவது யாருடைய பொறுப்பு? அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த, கிருஷ்ணகிரியில் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையில் இதற்கு எனக்கு விடை கிடைக்கவே இல்லை. மருத்துவர், அதையெல்லாம் சிஸ்டர் பார்த்துக்கொள்வார் என்றார். வார்டு சிஸ்டர், டிஸ்சார்ஜ் கவுண்ட்டரில் சொல்வார்கள் என்றார். கவுண்ட்டரில் இருந்தவர் பாக்கித் தொகையைத் தவிர வேறெதையும் பேசவில்லை.

மாட்டுக் கொட்டகை அருகே வழுக்கி விழுந்ததில் அப்பாவுக்கு வலது இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது; அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம் இருந்ததால் டியூபை எடுத்ததும் சிறுநீர் பிரியாமல் வயிறு உப்பிவிட்டது. ஆகவே மீண்டும் டியூப் போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, சில வாரங்கள் கழித்து எடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைகளின் பெயர், தையல் பிரிக்கும் நாள், டியூப் மாற்றும் நாள் எல்லாம் இருந்தன. குழாயைப் பொருத்தி வைப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

தொடையில் ஒட்டியிருந்தது ஒரே ஒரு காகிதப் பிளாஸ்திரி. வெயில் கொளுத்தும் காலம். வாடகை வண்டி காவேரிப்பட்டினத்தைத் தாண்டுவதற்குள் வியர்வையில் அது உரிந்து தொங்கியது. இதற்கிடையில், கீழே கிடந்தால் மிதிபடும் என்று ஓட்டுநர் நல்ல எண்ணத்தோடு, டியூபில் மாட்டியிருந்த சிறுநீர் சேரும் பையை எடுத்து ஜன்னலுக்கு மேலே இருந்த பிடியில் மாட்டிவிட்டார். அந்தப் பை, உடம்புக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையைவிட உயரத்தில் இருந்தால் வெளியே வந்த சிறுநீர் திரும்ப உள்ளே போகும், அதனுடன் கிருமியும் போகும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்ப எத்தனை நொடி ஆகியிருக்கும்?

காரிமங்கலத்துக்கு அப்பால் உள்ள எங்கள் ஊருக்கு வந்த சில நாட்களிலேயே, ஓர் இரவு அப்பா தூக்கத்தில் புரண்டபோது குழாய் பையிலிருந்து கழன்று, மெத்தை முழுவதும் நனைந்துவிட்டது. டியூபின் அகன்ற வாய்க்குள் பையின் கூம்பு முனை வெறுமனே செருகப்பட்டிருக்கிறது; திருகோ பூட்டோ கிடையாது. அதனால் குழாய் உடம்போடு எங்காவது பிடிக்கப்பட்டிருந்தால்தான் இழுவை அந்த இடத்தோடு நிற்கும். பிடிப்பு இல்லையென்றால் இழுவை இரண்டு பக்கங்களில் ஒன்றுக்குப் போகும். ஒன்று இணைப்பு கழலும், அல்லது டியூப் நழுவாமல் உள்ளே பிடித்திருக்கும் பலூன் சிறுநீர்ப்பையின் கழுத்தை இழுக்கும். முதலாவது நடந்தால் நோய்த்தொற்று, இரண்டாவது நடந்தால் இரத்தம். எங்களுக்கு இரண்டும் வாய்த்தன.

விடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடினோம். நடக்க முடியாதவரை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே, டிஸ்சார்ஜ் சம்மரியின் அசல் வேண்டும், ஜெராக்ஸ் செல்லாது என்று வரவேற்பில் நிறுத்திவிட்டார்கள். காப்பீட்டுக்காக அந்த அசலை வாங்கி வைத்துக்கொண்டதே அவர்களுடைய பக்கத்துக் கவுண்ட்டர்தான் என்பதைப் புரியவைப்பதற்குள் காலைப் பொழுது போய்விட்டது. யூரோலஜி டாக்டர் அன்று வரும் நாளும் இல்லை. கடைசியில் கேஷுவால்டியில் இருந்த பணியாளர் ஒருவர், இரவெல்லாம் கட்டிலில் கிடந்த அதே பையின் முனையைத் துடைக்கக்கூடச் செய்யாமல் டியூபுக்குள் செருகி, சரியாகிவிட்டது, போகலாம் என்றார். அதற்கும் ஒரு பில் வந்தது. இரண்டு நாளில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது; சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று என்று தெரிந்தது.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், டியூப் போட்டவுடன் அது அசையாமலும் இழுபடாமலும் இருக்கும்படி உடம்பில் பொருத்த வேண்டும் என்றும், இணைப்பு கழன்றுவிட்டால் டியூபையும் பையையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்றும் சொல்வதை நான் பிறகுதான் படித்தேன். ஆகவே இந்த நிலைமைக்கு ஆளாகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: கழன்ற பையை ஒருபோதும் திரும்பச் செருக விடாதீர்கள். பிரிக்காத புதுப் பை ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும். டியூபின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அதை மாட்டிவிட்டு, டியூபையும் மாற்ற வேண்டும்தானே என்று செவிலியரிடமோ மருத்துவரிடமோ அன்றைக்கே கேளுங்கள்.

இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன நாளில் அதைவிடப் பெரிய சங்கடம் நேர்ந்தது. வண்டியிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற இருவர் வந்தார்கள். பை இன்னும் வண்டியின் இருக்கைக் கம்பியில் மாட்டியிருக்கிறது, பொறுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பாவைத் தூக்கிவிட்டார்கள். டியூபின் உள்முனையில் ஏறக்குறைய 10 மில்லி தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கிறது. அந்தப் பலூன்தான் டியூப் வெளியே நழுவாமல் காக்கிறது. அது விரிந்த நிலையிலேயே பாதி வழி இழுபட்டால் என்ன வலி வலிக்கும் என்பதை அப்பாவின் அலறலைக் கேட்ட யாரும் மறக்க மாட்டார்கள். பைக்குள் சிவப்பாக இறங்கத் தொடங்கியது. வயதானவர் என்றால் இப்படித்தான், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார் என்று தூக்கியவர்களில் ஒருவர் சொன்னதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை. அப்பாவின் இரண்டு கைகளும் அப்போது என் தோளில் இருந்தன.

இப்படி நேர்ந்தால் டியூபை உள்ளே தள்ளவும் கூடாது, முழுவதும் இழுத்து எடுக்கவும் கூடாது. அப்படியே பிடித்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பலூனில் உள்ள தண்ணீரை அவர் சிரிஞ்சால் உறிஞ்சிய பிறகே டியூபை அசைக்க வேண்டும். பழைய டியூபை அகற்றிவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். பொருத்தியதோ மறுபடியும் அதே காகிதப் பிளாஸ்திரிதான்.

எங்களுக்கு வழிகாட்டியவர் அங்கிருந்து வரவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்றே ஊரில் பலரும் நினைக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் சொல்லிவைத்ததில், ஒரு செவிலியர் வீட்டுக்கே வந்தார். டியூபைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இதை எங்கேயும் கட்டாமலா அனுப்பினார்கள், அண்ணா?" என்பதுதான்.

அவர் செய்து காட்டியதை விரிவாகவே எழுதுகிறேன். முதலில் அறுவை செய்யாத இடது தொடையைத் தேர்ந்தெடுத்தார். மேல்தொடையில் முடியைச் சவரம் செய்யாமல் கத்தரியால் ஒட்ட வெட்டி, சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலரவிட்டார். ஈரத்தின் மேலும் எண்ணெயின் மேலும் எந்தப் பிளாஸ்திரியும் நிற்காது. பிறகு டைனாபிளாஸ்ட் என்ற, இழுத்தால் நீளும் துணிப் பிளாஸ்திரியை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டித் தோலில் அடித்தளமாக ஒட்டினார். இன்னொரு துண்டை எடுத்து, டியூப் இரண்டு வாயாகப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்பாக அதன் மேல் போட்டு, டியூபைச் சுற்றிக் கொண்டுவந்து, அடியில் இரு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டும்படி கிள்ளிவிட்டு, மீதியை இருபுறமும் விரித்து அடித்தளத்தின் மேல் ஒட்டினார். டியூப் தோலை அழுத்தாமல் கொஞ்சம் எழும்பி நிற்கிறது. பிளாஸ்திரி டியூபை முழுச் சுற்றும் பிடித்திருக்கிறது. மேலோட்டமாக ஒட்டும்போது டியூபின் மேல்பக்கத்தில் மட்டும் பிடிப்பு இருப்பதால்தான் அது சுலபமாக வழுக்கிப்போகிறது. தினமும் மாற்ற வேண்டியிருந்தால் மேல்துண்டை மட்டும் மாற்றினால் போதும். வயதானவர்களின் மெல்லிய தோல் உரியாது.

தளர்வு விடுவதுதான் இதில் முக்கியம். ஒட்டுவதற்கு முன் காலை நீட்டி, மடக்கி, அகற்றிப் பார்த்து, எந்த நிலையிலும் டியூப் விறைக்காதபடி ஒரு வளைவு விட்டே ஒட்ட வேண்டும். விறைப்பாக ஒட்டினால் சிறுநீர்த் துவாரத்தின் ஓரம் நாளடைவில் அறுபட்டுப் பிளந்துவிடும் என்றார். வெகுநாள் படுக்கையில் இருக்கும் ஆண்களுக்கு அவ்வப்போது தொடையை விட்டு அடிவயிற்றில் பொருத்தலாம். பெண்களுக்கு உள்தொடை. டியூப் காலுக்கு அடியில் போகாமல் தொடையின் மேலாகவே போக வேண்டும். அடியில் போனால் உடல் எடையில் நசுங்கி அடைக்கும், தோலிலும் புண் வைக்கும். பலூனுக்குத் தண்ணீர் ஏற்றும் சிறிய வாயின் மேல் பிளாஸ்திரி ஒட்டவே கூடாது.

தொடையில் கட்டும் வெல்க்ரோ பட்டை ஒன்று வாங்கி வைத்தால் பயணத்துக்கு வசதி என்றும் சொன்னார். தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றி இருக்கும் மெடிக்கல்களில் அதைத் தேடியது தனிக்கதை. ஒருவர் முழங்கால் பெல்ட்டை எடுத்து வைத்தார், இன்னொருவர் அப்படி ஒரு பொருளே கிடையாது என்று சாதித்தார். சேலத்தில் ஒரு சர்ஜிக்கல்ஸ் கடையில் கதீட்டர் ஹோல்டர் என்று கேட்டதும் உடனே எடுத்துக் கொடுத்தார்கள். பட்டைக்கும் தொடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கால் வீங்கியவர்களுக்கு இறுக்கிக் கட்டினால் ஆபத்து. கிடைக்காதவர்கள் அலைய வேண்டாம், டைனாபிளாஸ்ட் முறையே போதும்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, கிளம்பும் முன்பே பையைக் காலி செய்தோம். ஸ்ட்ரெச்சர் வந்ததும், பை என் கையில் வந்த பிறகே தூக்க வேண்டும், நான் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது என்று உரக்கவே சொன்னேன். தூக்குபவர் எத்தனை பேராக இருந்தாலும், பையையும் டியூபையும் மட்டும் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும். அந்த வேலையை ஊழியர்களிடம் விடாதீர்கள். அன்று ஒரு சொட்டு இரத்தமும் வரவில்லை. தொடையில் இருந்த கட்டைப் பார்த்த வார்டு சிஸ்டர் ஒருவர், இதை யார் போட்டது என்று கேட்டு, தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். அந்த மருத்துவமனையில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

பிறகு டியூபை எடுத்தார்கள், சிறுநீர் தானாகப் பிரிந்தது, ஸ்கேனிலும் மிச்சம் தேங்கவில்லை. பிளாஸ்திரியை உரிக்கும்போது ஓரத்தில் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, முடி வளர்ந்த திசையிலேயே மெல்ல எடுங்கள். அதே இடத்தில் மறுபடி ஒட்டுவதாக இருந்தால் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில், டியூப் எங்கே, எதனால் பொருத்தப்பட்டிருக்கிறது என்று எழுத ஒரு வரி சேருங்கள், வீட்டாரை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பார்த்த பிறகு அனுப்புங்கள் என்று அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்டுத் தரவே முதலில் மறுத்தார்கள். நகலில் முத்திரை விழும்வரை நானும் கவுண்ட்டரை விட்டு நகரவில்லை. பதில் இன்னும் வரவில்லை.