சனிக்கிழமை அரிசிம்பருப்பு

2019-ல் திருப்பூருக்கு வந்த மூன்றாம் வாரமே பைக்கில் விழுந்து வலது கை முறிந்தது. அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. யாரிடமும் பேசாமல் அறையிலேயே கிடந்தேன்.

பக்கத்து போர்ஷன் அக்கா பனியன் கம்பெனியில் செக்கிங். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாடகை. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் குக்கரில் அரிசிம்பருப்பு வைப்பார். அன்று ஒரு தட்டு எனக்கும் வந்தது. "சாப்பிடுங்க தம்பி, கூச்சப்படாதீங்க."

இடது கையில் ஸ்பூன் நிற்கவில்லை, சிந்தினேன். சின்னவள் அதை வாங்கி ஊட்டத் தொடங்கிவிட்டாள், நடுநடுவே தனக்கும் ஒரு வாய். அம்மா போன பிறகு அன்றுதான் அழுதேன். அக்கா எதுவும் கேட்கவில்லை. நெய் டப்பாவை வழித்து என் தட்டில் விட்டார்.

இன்று சின்னவளுக்குக் கணக்குப் பரீட்சை. காலையிலிருந்து எனக்குத்தான் படபடப்பு.