"சொந்தக்காரங்க வீட்ல பாத்தீங்களா?"

பிள்ளையைக் காணோம் என்று ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்கள் காதில் முதலில் விழுவது இந்தக் கேள்விதான். எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் அதே கதை. டியூஷனுக்குப் போன ஒன்பது வயதுப் பையன் திரும்பவில்லை. துணைக்கு நானும் போனேன். அக்கா பர்ஸிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். அந்த ஏட்டு அதைக் கையில்கூட எடுக்கவில்லை. "காலைல வாங்கம்மா, அதுக்குள்ள வந்துருவான்."

ராத்திரியே பையன் கிடைத்துவிட்டான். அதற்காக அந்தப் பதில் சரியாகிவிடுமா?

நொய்டாவின் நிதாரியில் ஏழைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனபோது, பெற்றோர் புகாரோடு அலைந்தார்கள். 2006 டிசம்பரில் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குழந்தை காணாமல் போனால் கடத்தல் என்றே கருதி உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "எங்க எல்லை இல்ல" என்றும் தட்டிக்கழிக்க முடியாது. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம், அதற்குப் பெயர் ஜீரோ எஃப்.ஐ.ஆர். நான்கு மாதத்தில் துப்பு கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆனால் எனக்கு முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். அந்தப் போட்டோ உடனே பஸ் ஸ்டாண்டுக்கும் ரயில்வே போலீசுக்கும் போக வேண்டும். தெருக்கோடி மளிகைக்கடை கேமராப் பதிவை அழிவதற்குள் வாங்க வேண்டும். ஸ்டேஷனில் இழுத்தடித்தால் அங்கேயே நின்று குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் போடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், வாங்காமல் கிளம்பாதீர்கள்.