இதயத்தில் ஸ்டென்ட், கடைவாயில் சொத்தைப் பல்

ஸ்டென்ட் வைத்தவருக்குப் பல் வலித்தால் ஊரே அவருடைய நெஞ்சைத்தான் பார்க்கிறது. எனக்கு வயது 69. பாளையங்கோட்டையில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், மெட்டோப்ரோலால், டெல்மிசார்டான், கொழுப்புக்கு ஒன்று என்று தினமும் ஒரு கைப்பிடி மாத்திரை. இந்த நிலையில் கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தை விழுந்து, வேர் வரை சீழ் கட்டிவிட்டது. பிடுங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்றார் எதிர்வீட்டு ஆச்சி. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள் என்றார் நடைப்பயிற்சியில் உடன் வருபவர். மரத்துப்போக ஊசி போட்டால் இதயம் நின்றுவிடும் என்பது என் நாத்தனாரின் கட்சி. முதல் யோசனையைச் சிரித்துத் தள்ளலாம். இரண்டாவது ஆபத்தானது, அந்த மாத்திரைகளைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளக்கூடும். மூன்றாவதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று சொல்லத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இதய மருத்துவரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கினேன். ஒரே வரி: பல் எடுக்கலாம், அட்ரினலின் இல்லாத ஊசி மட்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பல் மருத்துவர் அந்த வரியை அப்படியே பின்பற்றினார். உதடு மரத்தது, நாக்கின் பாதியும் மரத்தது. ஆனால் இடுக்கியால் பல்லை அசைத்ததும் உயிர் போய் வந்தது. இன்னும் ஓர் ஊசி போட்டார், அதுவும் எடுபடவில்லை. நாற்காலியின் கையை நான் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. கையில் கட்டியிருந்த கருவி இரத்த அழுத்தம் 190/104 என்று காட்டியது. அவர் வேலையை நிறுத்திவிட்டு, பெரிய இடமாகப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் கோபமெல்லாம் அந்த ஒற்றை வரியின் மேல்தான்.

அடுத்துப் போனது ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்கு. மேற்படிப்பு படிக்கும் இளம் மருத்துவர் ஒருவர் என் மாத்திரை அட்டைகளை மேசையில் வரிசையாக வைத்துப் படித்தார். என் மகனிடம் பேசாமல் என்னிடமே பேசினார். எழுபதை நெருங்கிய பிறகு இது அபூர்வமாகக் கிடைக்கும் மரியாதை. முதல் ஊசி ஏன் எடுபடவில்லை என்று கேட்டேன். மரத்துப்போகப் போடும் லிக்னோகைன் இயல்பிலேயே ரத்தக் குழாய்களை விரிக்கும் மருந்தாம். தனியாகப் போட்டால், போட்ட இடத்தில் தங்காமல் ரத்தத்தோடு சீக்கிரம் போய்விடும். பல்லுக்குள் மரப்பு சில நிமிடங்களுக்கு மேல் நிற்காது. அட்ரினலின் சேர்த்தால் குழாய்கள் சுருங்கும். மருந்து அங்கேயே தங்கும், ரத்தக் கசிவும் குறையும். போதாக்குறைக்குச் சீழ் பிடித்த இடம் அமிலமாக இருப்பதால் அங்கே எந்த மரப்பு மருந்தும் குறைந்த பலத்தில்தான் வேலை செய்யும். அதனால் முதலில் சீழுக்கு மருந்து கொடுத்து அடக்கிவிட்டுத்தான் பல்லில் கை வைப்போம் என்றார்.

"அட்ரினலின் இதயத்தைப் படபடக்க வைக்காதா, டாக்டர்?"

"வைக்கும் அம்மா. ஆனால் அன்றைக்கு வலி வந்தபோது உங்கள் உடம்பே எவ்வளவு அட்ரினலின் சுரந்திருக்கும்? அதை அளந்து ஊற்ற ஆள் கிடையாது. நாங்கள் அளந்து போடுவோம்."

அளவு என்றதும் எனக்குள் இருந்த ஆசிரியை எழுந்து உட்கார்ந்தாள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அவர்கள் பயன்படுத்தும் மருந்தில் 80,000 பங்குக்கு ஒரு பங்கு அட்ரினலின். அதாவது 80,000 மில்லியில் ஒரு கிராம். ஒரு மில்லிக்கு 12.5 மைக்ரோகிராம். இதய நோயாளிகளுக்கு ஒரு தடவைக்கு 40 மைக்ரோகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பல் மருத்துவத்தில் நெடுநாள் வழக்கம். ஆக, எனக்கான எல்லை 3.2 மில்லி. கீழ்த்தாடை நரம்பை மரக்க வைக்க ஏறக்குறைய 2 மில்லி போதும். அதில் இருப்பது 25 மைக்ரோகிராம். கடுமையான ஒவ்வாமையில் உயிரைக் காப்பாற்றத் தொடையில் போடும் அட்ரினலின் 500 மைக்ரோகிராம் என்று அவர் சொன்னபோது அந்த 25 எனக்குச் சற்றுச் சாதுவாகத் தெரிந்தது.

லிக்னோகைனுக்கும் கணக்கு உண்டு. இரண்டு சதவீதம் என்றால் மில்லிக்கு 20 மில்லிகிராம். அட்ரினலின் இல்லாமலே கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் வரை போகலாம் என்பார்கள். என் 58 கிலோவுக்கு அது 255 வரும். எனக்குத் தேவையோ 40. ஆனால் வயதானவர்களிடம் அந்த எல்லையை நெருங்குவதில்லை என்றார். இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். வயதாக ஆக அதற்குள் ஓடும் ரத்தம் குறைகிறது. மருந்து உடம்பில் அதிக நேரம் சுற்றுகிறது. அளவு மீறினால் வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, காதில் இரைச்சல், வலிப்பு, அதற்கும் மேலே போனால் இதயம் தளர்வது என்று படிப்படியாக வரும். இதே லிக்னோகைனை இதயத் துடிப்பு தாறுமாறாகும்போது ரத்தக் குழாய் வழியாக ஏற்றிச் சரிசெய்வதும் உண்டாம். நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை.

மெட்டோப்ரோலால் அட்டையை அவர் இரண்டு முறை பார்த்ததற்கும் காரணம் இருந்தது. அது பெரும்பாலும் இதயத்தை மட்டும் அடக்கும் வகை. அதே குடும்பத்து மருந்தான ப்ரோப்ரனலால் ரத்தக் குழாய்களையும் விரியவிடாமல் தடுப்பதால், அட்ரினலின் சேரும்போது அழுத்தம் எகிறி, நாடித் துடிப்பு சட்டென்று குறையலாம். அதைச் சாப்பிடுபவர்களுக்கு அளவை இன்னும் குறைத்து, கொஞ்சம் போட்டுவிட்டு அழுத்தத்தைப் பார்த்து, பிறகுதான் மிச்சத்தைப் போடுவார்களாம்.

பிறகு அவரே இதய மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். ஸ்டென்ட் வைத்தது எப்போது, இதயம் சுருங்கி விரியும் திறன் எவ்வளவு, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் தொடர்ந்தபடியே பல் எடுக்கலாமா, 40 மைக்ரோகிராமுக்குள் அட்ரினலின் போட ஆட்சேபணை உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். அதே இதய மருத்துவர் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆட்சேபணை இல்லை என்றும் எழுதினார். முன்பு நான் கொண்டுபோன கடிதத்தில் கேள்வியே இல்லை, விடை மட்டும் இருந்தது.

காலை நேரமாகக் கொடுத்தார்கள். வழக்கமான மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். போனதும் அழுத்தம் 168/92. சற்று நேரம் உட்கார வைத்துப் பார்த்தபோது 150/86. 180/110 ஐத் தொட்டிருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருப்பார்களாம். விரலில் நாடி காட்டும் கிளிப்பை மாட்டினார்கள். ஊசியைச் செருகியதும் மருந்தை உள்ளே தள்ளவில்லை. தண்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, ரத்தம் வருகிறதா என்று பார்த்தார். ரத்தம் வந்தால் ஊசி குழாய்க்குள் இருக்கிறது என்று பொருள். அப்படியே தள்ளினால் மருந்து நேராக இதயத்துக்கு ஓடும். வரவில்லை. பிறகு, பொறுமை சோதிக்கும் வேகத்தில் உள்ளே விட்டார். நெஞ்சு லேசாகத் தடதடத்தது. 64 இல் இருந்த நாடி 78 வரை போனது. சொல்லி வைத்திருந்ததால் நான் கலங்கவில்லை. சில நிமிடங்களில் இறங்கிவிட்டது.

பல் எடுத்தது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அழுத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை. குழியில் ஜெலட்டின் பஞ்சு வைத்து, தையல் போட்டு, ரத்தக் கசிவை அடக்கும் டிரனெக்ஸாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மாத்திரைகளை நிறுத்தாததால் கசிவு மற்றவர்களைவிட நேரம் எடுத்தது, மாலைக்குள் நின்றது. நாற்காலியை ஒரேயடியாக நிமிர்த்தாமல் படிப்படியாக நிமிர்த்தினார்கள், இல்லையென்றால் அழுத்தம் சட்டென இறங்கித் தலை சுற்றுமாம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் பக்கமே போகாதீர்கள் என்றார்கள். மரப்பு இறங்கும் வரை காபி கிடையாது. எனக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

கிளம்பும்போது, எந்த மருந்து, எத்தனை மில்லி, அட்ரினலின் எவ்வளவு, ஊசிக்கு முன்னும் பின்னும் அழுத்தம் என்ன என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். மேல் வரிசையில் இன்னொரு பல் காத்திருக்கிறது. நாத்தனார் அந்தத் தாளைக் கேட்டாள். அவளுக்கும் ஒரு பல் ஆடுகிறது. அவள் கை நடுக்கத்துக்குச் சாப்பிடுவது ப்ரோப்ரனலால். அதனால் தாளைக் கொடுக்கவில்லை. அவளுடைய மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் அந்த மருத்துவரிடமே வரச் சொல்லியிருக்கிறேன்.