வைகை அணைப் பூங்காவில் ஒரே கூடை, ஆறு குழிகள்

மதுரையில் டிஸ்க் கோல்ஃப் ஆட இடம் தேடுகிறவர், அப்படி ஓர் ஆட்டம் இருப்பதையே முதலில் நான்கு பேருக்கு விளக்க வேண்டியிருக்கிறது. கோல்ஃப் என்ற சொல்லைக் கேட்டதும் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடுகிறார்கள். இதில் பந்தும் மட்டையும் கிடையாது. ‘குழி’ என்று சொன்னாலும் தரையில் குழியும் கிடையாது; எறியத் தொடங்கும் இடத்திலிருந்து கூடை வரையிலான ஒரு சுற்றுக்கே அந்தப் பெயர். ஒரு சாண் அகலத் தட்டு ஒன்றை எறிந்து, அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிந்து, கம்பத்தில் பொருத்திய சங்கிலிக் கூடைக்குள் எத்தனை வீச்சில் சேர்க்கிறோம் என்பதே கணக்கு. பின்லாந்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்த என் மைத்துனர், அங்குள்ள பூங்காக்களில் செலவில்லாமல் இதை ஆடிப் பழகியவர். ஊர் திரும்பியபோது அவருடைய பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஏழு தட்டுகள் இருந்தன.

தட்டு இருந்தது, கூடை இல்லை. ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் கைப்பேசிப் படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னோம். பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏண்ணே, இது கோழிக் கூண்டா, குத்துவிளக்கா?” என்று கேட்டார். பயனை விளக்கிய பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்றாலும், வேலை சுத்தமாக இருந்தது. மேல் வளையத்திலிருந்து தொங்கவிட இரும்புக் கடையில் பன்னிரண்டு நாய்ச் சங்கிலிகள் வாங்கினோம். கூடையைக் காட்டிலும் இந்தச் சங்கிலிகளே முக்கியம். வேகமாக வரும் தட்டு வெறுங்கம்பத்தில் பட்டால் தெறித்து ஓடிவிடும். தளர்வாகத் தொங்கும் சங்கிலி அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு, தட்டைக் கீழே உள்ள கூடைக்குள் இறக்கிவிடும்.

ஒரு வேலைநாள் காலையில் ஐந்தரை மணிக்கு, நான், மைத்துனர், என் அக்கா, அவளுடைய ஒன்பது வயது மகள் ஆகிய நால்வரும் காரின் மேல் கூடையைக் கட்டிக்கொண்டு வைகை அணைக்குப் புறப்பட்டோம். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். உசிலம்பட்டியில் தேநீர் குடிக்கும்போது வளரியைப் பற்றிப் பேச்சு வந்தது. கையால் எறியும் அந்த வளைதடி இந்த வட்டாரத்துக்கும் சிவகங்கைச் சீமைக்கும் உரிய ஆயுதம்; கள்ளர் நாட்டுத் திருமணங்களில் மணமக்கள் வீட்டார் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கமும் இருந்திருக்கிறது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுத் தந்தவர் சின்ன மருதுவே என்று வெல்ஷ் என்ற ஆங்கிலேயத் தளபதி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் அது 100 கஜத் தொலைவுக்குள் குறி தவறாது என்பது அவருடைய கணிப்பு. 1801இல் அதே தளபதி மருது சகோதரர்களுக்கு எதிரான போரில் கும்பினிப் படையில் இருந்தார் என்பதை நினைத்தால் தேநீர் சற்றுக் கசக்கிறது. 100 கஜம் என்றால் 300 அடி; டிஸ்க் கோல்ஃபில் அது சாதாரணமான ஒரு குழியின் நீளம். எங்களுக்கு அதில் பாதியே பெரும்பாடாக இருக்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1959இல் திறக்கப்பட்ட அணை இது. 111 அடி உயரம். அதில் 71 அடி வரை நீரைத் தேக்குகிறார்கள். அணையின் காலடியில், ஆற்றின் இரு கரைகளிலும் பூங்கா விரிந்திருக்கிறது. விடுமுறை நாளில் எள் விழ இடமிருக்காது. வேலைநாள் காலையில் பறவைகளும் தோட்டப் பணியாளர்களும் மட்டுமே இருந்தார்கள். நுழைவாயிலில் கூடையைப் பார்த்துச் சில கேள்விகள் கேட்டார்கள். நடமாட்டம் குறைந்த ஓரத்தில், கூட்டம் சேரும் முன்னர் முடித்துக்கொள்வதாகச் சொன்னபின் உள்ளே விட்டார்கள்.

கூடை ஒன்றே என்பதால், முதல் ஐந்து குழிகளுக்கு மரங்களையே இலக்காகக் கொண்டு, ஆறாவதற்கு மட்டும் கூடையை நிறுத்துவதென்று மைத்துனர் திட்டமிட்டிருந்தார். அதற்கு வரலாற்றுச் சான்றும் வைத்திருந்தார். கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் எட் ஹெட்ரிக் அமைத்த முதல் நிரந்தரக் களத்தில் கூடைகள் கிடையாது. நட்டுவைத்த கம்பங்கள்தான் இலக்கு. தட்டு கம்பத்தில் பட்டதா படவில்லையா என்று அவரும் அவருடைய மகனும் ஓயாமல் வாதாடிச் சலித்துப்போனதே சங்கிலிக் கூடை பிறக்கக் காரணம் என்று சொல்வார்கள். 1977இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். முதல் குழியிலேயே நாங்கள் அந்த வரலாற்றைத் திரும்ப நடத்திக் காட்டினோம். தட்டு மரத்தை உரசியது என்று நானும், இலைதான் அசைந்தது என்று அக்காவும் நெடுநேரம் நின்றோம். கிட்டிப்புள் ஆடிய நாளிலிருந்து அவள் இப்படித்தான்.

வழக்கைத் தீர்த்தவர் தோட்டக்காரர். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அருகில் வந்து, “மரத்துல அடிக்காதீங்க தம்பி, பட்டை பேந்துபோகும்” என்றார். அவர் சொன்னது முழு நியாயம். 170 கிராமுக்கு மேற்பட்ட கெட்டியான தட்டு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மோதினால் இளமரம் தாங்காது. ஆகவே திட்டம் மாறியது: ஒவ்வொரு குழி முடிந்ததும் மைத்துனர் கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடப்பார், சங்கிலிகள் குலுங்க அவர் போவதைப் பார்த்து, காவடி புறப்பட்டுவிட்டது என்று அக்கா அறிவிப்பாள்.

குழிகளை 30 முதல் 60 மீட்டருக்குள் அமைத்தோம். புதியவர்களுக்குக் குறுகிய களம் ஏன் வேண்டும் என்பதை என் முதல் வீச்சே விளக்கிவிட்டது. தொலைவுக்குப் போகட்டும் என்று, ஓரம் கத்திபோல மெலிந்த ‘டிரைவர்’ தட்டை எடுத்து முழு வலுவோடு வீசினேன். அது இருபது மீட்டர் தாண்டுவதற்குள் இடப்பக்கம் சாய்ந்து புதரில் புகுந்தது. வலக்கைக்காரர் மார்புக்குக் குறுக்கே கையை இழுத்து எறியும்போது தட்டு கடிகாரத் திசையில் சுழல்கிறது. வேகம் தணியத் தணிய அது இடப்பக்கம் சரியும். டிரைவர் தட்டுக்குரிய வேகத்தைப் புதியவரின் கை கொடுக்க முடியாததால், அந்தச் சரிவு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஓரம் தடித்த ‘பட்டர்’ தட்டு மெதுவாகப் பறந்தாலும் நேராகப் போகும். மைத்துனர் என் கையிலிருந்து டிரைவர்களைப் பிடுங்கிக் காரில் வைத்துப் பூட்டிவிட்டார். அதன் பிறகு கடைசிவரை ஒரே பட்டரை வைத்துக்கொண்டுதான் ஆடினேன். தொடங்குகிறவர் கடைக்குப் போனால் அது ஒன்றை மட்டும் வாங்கினால் போதும் என்பேன்.

விதிகள் குறைவு. கூடைக்கு அதிகத் தொலைவில் இருப்பவர் முதலில் எறிய வேண்டும். மற்றவர்கள் அவருக்கு முன்னால் போகக் கூடாது. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், எறிந்த பிறகு நிலைதடுமாறி முன்னே கால் வைக்கக் கூடாது. என் அக்கா மகளுக்கு இந்தக் கடைசி விதி மிகவும் பிடித்துப்போனது. எறிந்துவிட்டுக் கொக்கைப்போல ஒற்றைக் காலில் நிற்பாள். அவளிடம் வலு இல்லாததால் தட்டு தாழ்வாகவும் நேராகவும் போனது. நான்காவது குழியில் அவளுடைய மூன்றாவது வீச்சு சங்கிலியில் விழுந்து சலசலத்த ஓசை கேட்டு, ஓரமாக நடந்துகொண்டிருந்த இருவர் நின்று கை தட்டினார்கள். மரத்தில் பட்டதா என்று வாதாடியவர்களுக்கு அந்த ஓசை எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை ஹெட்ரிக் உணர்ந்தே செய்திருக்க வேண்டும். அவர் 2002இல் இறந்தபின், அவர் விரும்பியபடியே அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். இராமேசுவரம் கடலில் கரைப்பதை மட்டுமே அறிந்த எங்களுக்கு இதைக் கேட்டுச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

ஐந்தாவது குழியை ஆற்றோரமாக அமைத்தது மைத்துனரின் தவறு. அணையிலிருந்து சிறிதளவே தண்ணீர் விட்டிருந்தார்கள். எங்களுக்கு எறிந்து காட்டுவதற்காக அவர் வீசிய ஆரஞ்சு நிறத் தட்டு, அழகாக வலப்பக்கம் வளைந்து போய், திரும்பி வர வேண்டிய இடத்தில் காற்றில் ஏறி, நீரின் நடுவில் விழுந்தது. மிதக்கும் என்று நினைத்தேன்; பெரும்பாலான டிஸ்க் கோல்ஃப் தட்டுகள் மூழ்கிவிடும் என்பதை, அது கல்போல உள்ளே போன பிறகுதான் அவர் சொன்னார். அவருக்கு மிகப் பிடித்த தட்டாம்.

ஆறு குழிகளுக்கும் சேர்த்து 18 வீச்சு என்பது எதிர்பார்க்கும் அளவு. மைத்துனர் நீரில் விழுந்ததற்கான தண்டத்தோடு 20, அக்கா மகள் 26, அக்கா 29, நான் 31. அணைக்கு வெளியே மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வண்டியில் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குப் புறப்பட்ட தோட்டக்காரர் அங்கே வந்தார். தண்ணீரை நிறுத்தியதும் தேடி எடுத்து வைப்பதாகச் சொல்லி, மைத்துனரின் கைப்பேசி எண்ணைக் குறித்துக்கொண்டார். இன்னும் அழைப்பு வரவில்லை. மைத்துனர் இப்போதெல்லாம் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும், வைகை அணையின் நீர்மட்டத்தையும் வெளியேற்றத்தையும்தான் முதலில் பார்க்கிறார்.